ஏழாவது கிட்டார்

ஜனவரி 6, திங்கள்

இன்று கிட்டார் குழு வகுப்பு ஆரம்பமானது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத ஒன்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒன்பது வருஷமாக இந்தக் கல்லூரியின் இசைத்துறையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பியூலா டேவிட்சன், தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு ஓர் உத்தரவுக் கடிதம் வரும். நேற்றுத்தான் சேர்ந்தவள் மாதிரி அதில் கையெழுத்துப் போடுவேன். என் மாணவர்கள் மூன்று வருஷம் விரல் தேயப் படித்துவிட்டு என்ன செய்கிறார்கள்? ஆண்டு விழாவில் வாய்ப்பாட்டு மாணவிகள் முன்னால் உட்கார்ந்து பாட, இவர்கள் பின்னால் திரைச்சீலையோடு ஒட்டிக்கொண்டு டிங் டிங் என்று தட்டுகிறார்கள். கிட்டார் துணை வாத்தியமாம். பாடத்திட்டத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

நவம்பரில் துறைக் கூட்டத்தில் கேட்டேன். கிட்டார் மாணவர்கள் மட்டும் சேர்ந்து, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து வாசிக்கிற ஒரு வகுப்பு வேண்டும் என்று. துறைத்தலைவர் சங்கரலிங்கம் சார் வயலின்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஆறு கிட்டாரும் ஒண்ணா வாசிச்சா, யாரும்மா பாடுவா?”

எல்லாரும் சிரித்தார்கள். வீணை டீச்சர் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். மார்ச் 14 அன்று பாடத்திட்டக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் பத்து நிமிஷம் வாசிக்க வேண்டும். பிடித்தால் ஜூனிலிருந்து அது பாடத்திட்டத்தில் தனித் தாள். பிடிக்காவிட்டால் இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

ஒதுக்கித் தந்த அறை மிருதங்க வகுப்புக்கு அடுத்த அறை. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. தெரியாமல் செய்தார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஜனவரி 8, புதன்

ஆறு பேர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆறு விதமாக வாசித்துக் காட்டினார்கள். நிறுத்துங்கள் என்று நான் கத்தியது மிருதங்க வகுப்புக்குக் கேட்டது, இவர்களுக்குக் கேட்கவில்லை.

செல்வின் தன் சபையில் ஆராதனைக்கு வாசிக்கிறவன். விரல் வேகம் உண்டு, தன்னைத் தவிர வேறு யார் வாசிப்பதும் காதில் விழாது. மைதீன் மேலப்பாளையம். எல்லாவற்றையும் போனைப் பார்த்தே கற்றவன், நல்ல கை. ஜெபாவையும் சேர்த்து மூன்று பேர் இறுதியாண்டு, மூன்று பேருக்கும் எப்போதும் பசி. ஆறாவது இசக்கியம்மாள். சிவந்திபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட்டாரைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவளுக்குத் தடித்த கம்பிகளில் வாசிக்கும் அடிப்பகுதியைக் கொடுத்தேன். மெதுவாகப் போகும், கெடுக்க முடியாது என்று நினைத்தேன்.

“மேம், இதுல லீடு யாரு?” என்றான் செல்வின்.

“யாரும் இல்ல.”

“அப்பம் நா என்னத்த வாசிக்க?”

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க உட்கார்ந்து கையால் எழுதிய பதினோரு பக்கத்தை அவன் முன்னால் வைத்தேன். ‘வெயில்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வேறு எதைப் பற்றி எழுதுவது? அவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, தன் பகுதியில் வேகமான இடம் எத்தனை என்று மட்டும் எண்ணினான்.

ஜனவரி 10, வெள்ளி

இன்றும் தொடக்கமே சரியாக வரவில்லை. நான்கு பேர் தொடங்கினார்கள், இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

ஜனவரி 13, திங்கள்

பொங்கல் விடுமுறை. ஒரு வாரம் வீண். எதிர்வீட்டுக்காரர்கள் நாளைக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

ஜனவரி 22, புதன்

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நானே என் கிட்டாரை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.

இரண்டாவது பகுதி தடுமாறினால் இரண்டாவதை வாசித்தேன். மைதீன் நின்றால் மைதீனுடையதை வாசித்தேன். பதினோரு பக்கமும் எனக்கு மனப்பாடம், எங்கே எது விழுந்தாலும் தாங்கிப் பிடித்துவிடுவேன். முதல்முறையாக ‘வெயில்’ தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிற்காமல் ஓடியது. போனில் பதிவு செய்தேன். சங்கரலிங்கம் சார் வராந்தாவில் போனவர் நின்று கேட்டார். “பரவால்லியே” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இசக்கிதான் சோம்பேறி. அவள் பகுதியை நான் எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் கையைக் கம்பியின்மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 29, புதன்

சாளை மீன் வாங்கிவந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். வகுப்பு எப்படிப் போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். மின்வாரியத்தில் லைன் பார்க்கிற மனிதர், சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாத்தையும் நீயே வாசிச்சா அந்தப் பிள்ளைங்க என்ன செய்யும்?”

தெரியாத விஷயத்தில் தலையிடாதீர்கள் என்றேன். குழம்பில் காரம் கூடிப்போனது. வேண்டுமென்று போடவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இடது கை மோதிர விரல் துடிக்கிறது. வலது கையால்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தாம் பக்கத்தில் அடிப்பகுதி கேட்கவே இல்லை. நிறுத்தினேன். “இசக்கி, உன் கிட்டார்ல கம்பி இருக்கா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“மேம், நீங்க கூட வாசிக்கும்போ எங்களுக்கு எங்க சத்தமே கேக்க மாட்டேங்கு.”

“அப்ப சத்தமா வாசி.”

“நாங்க சத்தமா வாசிச்சா நீங்க அதவிடச் சத்தமா வாசிக்கீங்க மேம்.”

யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒன்பது வருஷம் இவர்களுக்காக எல்லாரிடமும் மல்லுக்கட்டியவள் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட்டாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்தவள் எனக்குப் பாடம் நடத்துகிறாள். “வெளிய போ” என்றேன். “நான் கூப்பிடுத வரைக்கும் இந்தப் பக்கம் வராத.”

அவள் கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை முழுவதும் இழுத்து மூடி, நிதானமாக எழுந்துபோனாள். கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். நான் நோட்டுத்தாள்களை அள்ளிப் பீரோவுக்குள் எறிந்து, இரும்புக் கதவை ஓங்கி அறைந்தேன். என் விரல் உள்ளே இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

எலும்பில் கீறல். நான்கு வாரம் கட்டு. “என்ன வேல பாக்கீங்க?” என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். “அடடா” என்றார். அந்த ‘அடடா’வுக்கே அவரை ஏதாவது சொல்லலாம் போலிருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, “ம், வாசிங்க” என்றேன்.

ஒன்றரைப் பக்கம். அவ்வளவுதான் ஓடியது. செல்வின் முன்னால் பாய்ந்தான், மைதீன் அவனைத் துரத்தினான், மற்ற மூவரும் ஆளுக்கொரு இடத்தில் நின்று என்னைப் பார்த்தார்கள். மறுபடி தொடங்கச் சொன்னேன். ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அது அதைவிட அவமானம்.

இரண்டு வாரமாக முடிவுவரை ஓடியதே, அதை யார் வாசித்தது என்று கத்தினேன். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

சங்கரலிங்கம் சார் யோசனை சொன்னார். “நீங்க வாசிச்சத முன்னாடியே ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்கல்லா? அத ஸ்பீக்கர்ல போட்டுவிட்டு, பிள்ளைங்க சும்மா கூடச் சேந்து தட்டட்டும். கமிட்டிக்கு என்ன தெரியப்போவுது?”

அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். அதில் ஆறு பேரைத் தேடினேன். என் கிட்டார்தான் கேட்கிறது, பதினோரு பக்கமும். மைதீன் இரண்டு இடத்தில் வருகிறான். இசக்கி எங்குமே இல்லை.

இந்த போனில் மைக் சரியில்லை. மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

நான் கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று சொன்னதை இசக்கி அப்படியே எடுத்துக்கொண்டாள். பத்து நாளாக வரவில்லை. இன்று செல்வின் வந்து சொன்னான்.

“மேம், இசக்கி ஹெச்ஓடிகிட்ட லெட்டர் குடுக்கப் போறாளாம். குழு வேண்டாம், பாட்டுக்கே தட்டுதேன்னு.”

“போவட்டும்.”

“அவ இல்லன்னா முடியாது மேம்.”

“ஏன்? அவ பகுதிய ஜெபா வாசிக்கட்டும்.”

செல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீங்க நிறுத்துனப்ப எல்லாம் நாங்க அவளத்தான் பாத்துத் திரும்பத் தொடங்குவோம் மேம்.”

இதை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. தன்னைத் தவிர வேறு யார் வாசிப்பதும் காதில் விழாதவன் என்று நான் எழுதிவைத்திருந்த செல்வின் சொல்கிறான். எனக்கு இப்போது யார்மேல் கோபம் என்று சரியாகத் தெரியவில்லை. எல்லார்மேலும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

காலையில் துணி துவைத்து, ஒற்றைக் கையால் பிழிந்து காயப்போட்டேன். பிறகு இசக்கிக்கு போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அடிப்பகுதிக்கு ஆள் இல்லை, திங்கட்கிழமை வா என்றேன். போனில் அவளுக்குப் பின்னால் கோழி கத்தியது.

“வாரேன் மேம். ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“மொத அரை மணி நேரம் நாங்களே தனியா பாத்துக்கிடட்டுமா?”

என் வகுப்பு. என் பதினோரு பக்கம். நான் எழுதாவிட்டால் இவர்களுக்கு வாசிக்க எதுவுமே இல்லை. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சரி என்று சொன்னேன்.

பிப்ரவரி 17, திங்கள்

வராந்தாவில் நின்றேன். ஆசிரியை வெளியே, மாணவர்கள் உள்ளே. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். வீணை டீச்சர், “என்ன பியூலா, உங்களையே வெளிய நிப்பாட்டிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சொல்ல நல்ல பதில் ஒன்று அவர் போன பிறகுதான் தோன்றியது.

உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் போட்டிருந்த இரண்டு வரிசையைக் கலைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி.

“எங் கட்டவிரலப் பாருங்க” என்றாள் இசக்கி. “எண்ணாண்டாம். ஸ்கிப்பிங் கயிறு சுத்தும்போ உள்ள நொழையுததுக்கு முன்ன கயித்தப் பாப்போம்லா, அது மாதி பாருங்க.”

அவள் கட்டைவிரல் தடித்த கம்பிக்கு மேல் எழும்பியது. இறங்கியது. ஆறு பேருடைய முதல் சுரமும் ஒன்றாக விழுந்தது. ஆறு வாரமாக ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று தொண்டை கிழிய எண்ணியும் நான் கொண்டுவர முடியாத தொடக்கம் அது.

மூன்றாம் பக்கத்தில் கலைந்தது. யாரும் கதவைப் பார்க்கவில்லை. தங்களுக்குள் சண்டை போட்டார்கள். மைதீன் செல்வினை “ஓடாதல” என்று அதட்டினான். மறுபடி கட்டைவிரல்.

அரை மணி நேரம் முடிந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே போனேன். கால் மரத்துப்போனதால் நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

வட்டத்தை அரைவட்டமாக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் கமிட்டிக்கு மூன்று பேர் முதுகுதான் தெரியும். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆறாம் பக்கத்தில் மைதீனுக்கு நான் எழுதியிருந்தது கைக்கு எட்டாத இடம் என்று இசக்கி சொன்னாள். எட்டும் என்றேன். எழுதியவள் கைக்கு எட்டும், அவன் கைக்கு எட்டாது. மாற்றிக்கொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

இன்று எட்டாம் பக்கம்வரை ஓடியது. மெதுவாக, முரடாக, என் துணை இல்லாமல்.

மார்ச் 7, வெள்ளி

கட்டுப் பிரித்தாகிவிட்டது. விரல் வெளுத்து மெலிந்திருக்கிறது, ஆனால் மடங்குகிறது. மெதுவாக வாசிக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் வாசித்தேன். வலி துளிகூட இல்லை.

மார்ச் 10, திங்கள்

சங்கரலிங்கம் சார் என் விரலைப் பார்த்ததும், “அப்பாடா, பிறவென்ன, நீங்களும் கூட உக்காந்துருங்க. நடுவுல நீங்க, சுத்தி அவங்க. ரிஸ்க் எதுக்கு?” என்றார்.

நடுவில் நான். இருபது வயதிலிருந்து ஆசைப்பட்ட இடம்தானே அது. யாருக்கும் பின்னால் இல்லாமல், திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல். சரி என்று சொல்லிவிட்டேன். கிட்டாரோடு வகுப்புக்குப் போனேன்.

அது என் கையில் இருப்பதைப் பார்த்ததும் ஆறு பேர் பேச்சும் நின்றது. செல்வின் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான், நடுவில். இசக்கி தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் கட்டைவிரல் அங்கிருந்து யாருக்கும் தெரியாது.

நான் கிட்டாரை உறையை விட்டு எடுக்கவில்லை. விரல் வலிக்கிறது, நீங்களே வாசியுங்கள் என்றேன். விரல் வலித்தது.

மார்ச் 14, வெள்ளி

கமிட்டியில் ஐந்து பேர். நடுவில் சென்னையிலிருந்து வந்த பேராசிரியை, வயதானவர், வீணைக்காரர். நான் இரண்டாவது வரிசையில், சங்கரலிங்கம் சார் பக்கத்தில். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன்.

கட்டைவிரல் எழும்பியது, இறங்கியது. ஆறு பக்கம் ஒரு குறையும் இல்லை. ஏழாம் பக்கத்தில் செல்வின் தொலைந்துபோனான். அவனுடைய வேகமான இடம் அது, பதற்றத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவன் கை நின்றுவிட்டது. என் இடது கை மடியில் தானாக மடங்கியது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபம், அவன்மேல், கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு வந்த என்மேல், இந்த வகுப்பை ஆரம்பித்த நாள்மேல், அதை எழுத வார்த்தை இல்லை. போயிற்று, ஒன்பது வருஷமும் போயிற்று என்று நினைத்தேன்.

இசக்கி அடுத்த வரிக்குப் போகவில்லை. வாசித்த வரியையே மறுபடி வாசித்தாள். மைதீன் அவள் கையைப் பார்த்தான், அவனும் அதே வரிக்குத் திரும்பினான். மற்ற மூவரும் திரும்பினார்கள். இரண்டாவது முறை. செல்வின் தாளில் தேடிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை, இன்னும் கொஞ்சம் மெதுவாக, அவனுக்கு இடம் விட்டு. யாரும் அவனை முறைக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்காவது முறை அவன் கண்ணை மூடித் திறந்து உள்ளே வந்தான். வந்ததும் ஆறு பேருமாக அடுத்த வரிக்குப் போனார்கள். முடியும்வரை நிற்கவில்லை. ஒருதரம்கூட அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

கைதட்டலுக்குப் பிறகு பேராசிரியை என் பக்கம் திரும்பினார். “ஏழாவது நிமிஷத்துல ஒரு இடம் திரும்பத் திரும்ப வந்து, அப்புறம் அந்தப் பையன் சேர்ந்துக்கிட்டானே, அதுதாங்க ரொம்ப அழகு. நீங்க எழுதினதா?”

“இல்ல. அவங்க எழுதினது” என்றேன்.

ஜூனிலிருந்து தனித் தாள். என் வேலை நிரந்தரமாகுமா என்று சங்கரலிங்கம் சாரிடம் கேட்டேன். “அது மேனேஜ்மென்ட் கையில இருக்கும்மா” என்றார். வேறு நாளாக இருந்தால் கட்டாயம் ஒரு சண்டை நடந்திருக்கும். இன்று நான் பேச வேண்டிய ஆள் வேறு.

இசக்கி வராந்தாவில் உறையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு உன்ன வெளிய அனுப்புனது தப்பு. நீ சொன்னது சரி” என்றேன்.

“தெரியும் மேம்” என்றாள்.

அந்தப் பதிலுக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பஸ் ஏறும்வரை கூட நின்றேன்.

மார்ச் 15, சனி

வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போய்விட்டார். வீடு பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஏழாம் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தாளில் வேறொருவருக்காக இவ்வளவு பெரிய மாற்றம் நான் செய்ததில்லை. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையை எழுதிவிடுகிறேன். நேற்று நான் கிட்டாரோடு நடுவில் இருந்திருந்தால் செல்வினுடைய பகுதியை அந்த நொடியே நான் வாசித்திருப்பேன். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் உள்ளே வந்திருக்கவே மாட்டான்.

அந்த வரியின் இரண்டு முனையிலும் திருப்பி வாசிக்கும் குறியைப் பேனாவால் போட்டேன். எத்தனை முறை என்று மேலே எழுத வேண்டும். இரண்டு என்று எழுதலாமா, நான்கு என்று எழுதலாமா என்று யோசித்து, ‘செல்வின் வரும்வரை’ என்று எழுதினேன். ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குச் செல்வின் யாரென்று தெரியாது. அவன் பெயரை மட்டும் அடித்துவிட்டு ‘ஆள்’ என்று எழுதினேன்.